மெயிலில் சிரிப்பான் போட்டால் "ஜே" என்று போய்ச் சேருகிறது. என்ன செய்ய?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மாதாமாதம் வாடிக்கையாளர்களிடம் பில் கேட்டு மெயில் அனுப்புவது என் பொறுப்பு. அதட்டுகிற மாதிரி இருக்கக் கூடாதே என்று கடைசியில் ஒரு :-) போடுவது வழக்கம். நேற்று ஒருவர் போன் செய்து, "தம்பி, உங்க மெயில்ல கடைசியில இங்கிலீஷ் ஜே எழுத்து வருதே, யாரு அது? புதுசா சேந்தவரா?" என்று கேட்கிறார். என் பெயரில் ஜே கிடையாது. வருத்தம் தெரிவித்து :-( போட்ட இடத்தில் எல் என்று போயிருக்கிறது. என் திரையில் வட்ட முகம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. வைரஸா?

எழுத்துருப் பித்தன்:
வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். விங்டிங்ஸ் என்று ஒரு எழுத்துரு உண்டு. அதில் எழுத்துகளுக்குப் பதில் படங்கள்தான் இருக்கும். ஜே இருக்க வேண்டிய இடத்தில் சிரித்த முகம், கே இடத்தில் உணர்ச்சியே இல்லாத முகம், எல் இடத்தில் சோக முகம். நீங்கள் :-) அடித்ததும் ஆட்டோகரெக்ட் (அடிப்பதைத் தானாகத் திருத்தும் வசதி) அதை அழித்துவிட்டு, விங்டிங்ஸில் ஒரு ஜே-யை வைத்துவிடுகிறது. உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் முகம் தெரிகிறது. அவர் போனில் அது இருக்காது, அல்லது மெயில் வெறும் எழுத்தாகத் திறந்திருக்கும். அப்போது மிஞ்சுவது ஜே மட்டும்தான்.

ஆட்டோகரெக்ட் பட்டியலைத் திறந்து :-) :-( :-| மூன்றையும் நீக்கிவிடுங்கள். அவுட்லுக்கில் மெயில் எழுதுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், எடிட்டர் ஆப்ஷன்ஸ் என்று போனால் 'ப்ரூஃபிங்' பகுதியில் இருக்கும். அவசரத்துக்கு, முகமாக மாறிய அடுத்த நொடியே கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் நீங்கள் அடித்தது திரும்பி வரும்.

மளிகைக் கடை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு இதற்கு நேர்மாறான தொல்லை. அரட்டைக் குழுவில் சரக்குப் பட்டியல் போட்டால் ஏழாவது வரைக்கும் ஒழுங்கு. எட்டாவதாக "8) துவரம் பருப்பு" என்று அடித்தால் கறுப்புக் கண்ணாடி போட்ட முகம் வந்து நிற்கிறது.

எழுத்துருப் பித்தன்:
எட்டைக் கண்ணாடி என்றும் அடைப்பை வாய் என்றும் எடுத்துக்கொள்கிறது. அடைப்புக்குப் பதில் புள்ளி வையுங்கள். 8. துவரம் பருப்பு. தீர்ந்தது.

பழைய பதிவர்:
இந்தக் குறியே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வந்ததுதான். 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் (கணினிப் பலகைதான்), லிஃப்ட் அறுந்து விழுந்தால் உள்ளே இருக்கும் பாதரசத் துளி என்ன ஆகும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விளையாட்டாக, நம் லிஃப்டிலேயே பாதரசம் சிந்திவிட்டது என்று எச்சரிக்கை போல எழுத, சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். பிறகு 19ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன் என்பவர், நகைச்சுவைக்கு :-) போடலாம் என்றார். :-( அப்போது சோகத்துக்கு இல்லை, "இது நகைச்சுவை அல்ல" என்று காட்டத்தான். அது எத்தனை சீக்கிரம் அழுமூஞ்சி ஆனது பாருங்கள்! அந்தப் பதிவே தொலைந்துபோய், 2002இல் பழைய காப்பு நாடாக்களில் இருந்து தேடி எடுத்தார்கள்.

ஜப்பானியர் தலையைச் சாய்க்காமலே பார்க்கும்படி ^_^ என்று போடுவார்கள், சிரிப்பு கண்ணில் இருக்கும். ரஷ்யர்கள் கண்ணையே விட்டுவிட்டு ))) மட்டும் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விசைப்பலகையில் முக்காற்புள்ளிக்கு ஷிஃப்டோடு 6ஐ அழுத்த வேண்டும், யார் மெனக்கெடுவார்கள்?

தேன்மொழி:
கணக்குப்பிள்ளை சார், ஜே போனது நல்லதுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. "பில் இன்னும் வரவில்லை :-)" என்று எனக்கு வந்தால் குத்திக்காட்டுகிறீர்கள் என்றுதான் நினைப்பேன். நண்பர்களுக்குள் அந்தச் சிரிப்பு கேலி, பாக்கி வைத்திருப்பவரிடம் அதுவே நக்கல். பணம், தாமதம், தவறு என்று பேச்சு வரும் இடத்தில் முகமே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் மொட்டையாக இருக்காதா? "பில் அனுப்பவும்." என்று முற்றுப்புள்ளி வைத்தால் கோபமாக இருக்கிறேனா என்று கேட்கிறார்கள்.

தேன்மொழி:
"அனுப்பவும்" என்பது நோட்டீஸ் பலகையின் குரல். "இந்த மாத பில் இன்னும் கைக்கு வரவில்லைங்க. வெள்ளிக்குள் கிடைத்தால் தாக்கல் செய்ய வசதியாக இருக்கும்" என்று எழுதிப் பாருங்கள். காரணத்தைச் சொல்லிவிட்டால் கடுமை குறைந்துவிடும். அந்த 'ங்க' எந்த எழுத்துருவிலும் ஜே ஆகாது. அவரே முதலில் சிரிப்பான் போட்டு எழுதினால், பதிலுக்கு நீங்களும் போடுங்கள். தப்பில்லை.

பழைய பதிவர்:
ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். கிண்டலாக எழுதினால் குறி கட்டாயம் வேண்டும். எழுதுகிறவனுக்குத் தன் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, படிக்கிறவனுக்கு எழுத்து மட்டும்தான். நான் இன்றைக்கும் ;-) போடாமல் யாரையும் கலாய்ப்பதில்லை.

கணக்குப்பிள்ளை:
பட்டியலில் இருந்து மூன்றையும் நீக்கிவிட்டேன். என் போனுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன், :-) அப்படியே வருகிறது. பில் கேட்கும் மெயிலைத் தேன்மொழி சொன்னபடி மாற்றிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம்: எங்கள் மேலாளர் மெயிலிலும் ஜே வருகிறது. இவ்வளவு நாளும் ஜெயராமன் என்ற அவர் பெயரின் முதல் எழுத்து என்றே நினைத்திருந்தேன். சொல்லலாமா?

எழுத்துருப் பித்தன்:
லீவு மறுத்த மெயிலில் எல் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சொல்லிவிடுங்கள், அவர் வருத்தப்பட்டதே உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.