கோக்கும் கேட்ட முதல் கேள்வி

வின்னிபெக்கில் பணிபுரியும் தாதி:

கனடாவின் வின்னிபெக் நகரின் வடபகுதியில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் சிறு நிலையமொன்றில் சேர்ந்த புதிதில், படிவத்தின் வரிசைப்படி, வந்து அமர்ந்தவுடனேயே "மது அருந்துவதுண்டா?" என்று கேட்பது என் வழக்கமாக இருந்தது. கனடாவின் பூர்வகுடிகளுள் ஒன்றான கிரீ இனத்தைச் சேர்ந்த 23 வயதுப் பெண்ணொருத்தி "இல்லை" என்றாள். குளிர்ச்சட்டையைக் கூடக் கழற்றாமல் எழுந்து போனவள் அடுத்த முறை வரவில்லை. சொன்னது நம்பத்தக்கதல்ல என்று அவளுடைய கோப்பில் குறித்து வைத்தவள் நான்தான்.

6 வாரங்களுக்குப் பின், எங்களோடு வேலை செய்யும், எல்லோரும் கிரீ மொழியில் 'கோக்கும்', அதாவது பாட்டி, என்றழைக்கும் மூதாட்டி அவளை மறுபடி அழைத்து வந்தார். அவர் கேட்டதெல்லாம் "சாப்பிட்டாயா?" என்பது மட்டுமே. சூப்பைக் குடித்தபடி, பிறக்கப்போகும் குழந்தைக்காகத் தைத்துவந்த தோல் காலணிகளை அவள் மேசையில் எடுத்து வைத்தாள். விரல் நீளம்தான் இருக்கும், ஒன்றில் மட்டும் நீலமணி கோத்து முடித்திருந்தாள். கருவுற்றது தெரியுமுன் வார இறுதிகளில் குடித்ததையும், தெரிந்த பின்னர் இருமுறை குடித்ததையும் அவளாகவே சொன்னாள். முன்பு மறைத்ததற்குக் காரணம், அவளுடைய அக்காவின் குழந்தையைப் பிரசவ விடுதியிலிருந்தே குழந்தைநல அதிகாரிகள் எடுத்துச் சென்றிருந்தார்கள் என்பதுதான். குழந்தையைப் பாதுகாக்க இயலாதவர்கள் என்று கருதிய கர்ப்பிணிகளைப் பற்றி அந்த அதிகாரிகள் மருத்துவமனைகளுக்கு முன்கூட்டியே அனுப்பி வந்த 'பிறப்பு எச்சரிக்கை'களை எங்கள் மனிடோபா மாகாணம் 2020 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆனால் அதை நம்புகிறவர்கள் அந்தத் தெருவில் குறைவு. கர்ப்ப காலத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை, ஆனாலும் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் குழந்தைக்கு நன்மையே என்று அவளுக்கு விளக்க 5 நிமிடங்களே போதுமாயின.

வான்கூவரில் பணிபுரியும் சமூகப் பணியாளர்:

கோப்பில் எழுதியதை ஒப்புக்கொண்டீர்கள். நானும் அப்படி எழுதியவன்தான். இங்கு, வறுமை மிகுந்த டவுன்டவுன் ஈஸ்ட்சைடு பகுதியில் 1993 முதல் இயங்கும் ஷீவே நிலையத்தில் (இப்பகுதிப் பூர்வகுடிகளின் கரையோர சேலிஷ் மொழிகளில் 'வளர்ச்சி' என்று பொருள்) சூடான மதிய உணவும், குழந்தைக்கான பால்மாவும், மருத்துவப் பரிசோதனையும் ஒரே இடத்தில் கிடைப்பதால், குடியைப் பற்றிப் பேசத் துணியாதவர்களும் உள்ளே வருகிறார்கள்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த ஒரு கர்ப்பிணியிடம், "இன்றிரவே நிறுத்திவிடுங்கள்" என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கை நடுக்கத்தில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாத நிலையில் அவரைப் பார்த்தேன். உடல் மதுவுக்குப் பழகிவிட்டால், திடீரென விடுவது வலிப்பு வரை கொண்டுபோய்விடும். மருத்துவக் கண்காணிப்பில்தான் விட வேண்டும். அவர் தங்கியிருந்த வாடகை விடுதியிலோ யாரும் குடிக்காத அறையே கிடையாது. மருத்துவமனைப் படுக்கை அன்று மாலையே கிடைத்தது. வேறு வீடு கிடைக்க 2 மாதங்கள் ஆயின.

அது போகட்டும், மற்றக் காலணிக்கு மணி கோத்து முடித்தாளா?

வின்னிபெக்கில் பணிபுரியும் தாதி:

முடித்தாள், குழந்தைக்கு 3 மாதம் ஆனபோது. அதற்குள் கால் வளர்ந்துவிட்டது.