மீட்டிங்கில் பேசிப் பழகியும் பயம் குறையவில்லை, எங்கே தவறு?

நெய்தல்:
வணக்கம். மீட்டிங்கில் வாய் திறக்கவே பதறுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகவேண்டும் என்கிறார்கள். வாராவாரம் பேசியும் பயம் அப்படியே இருந்தால்? இப்போதைய வழக்கம்: பேச வேண்டியதை முழுசாக எழுதி, வீடியோவை அணைத்துவிட்டு, கடகடவென்று படித்து முடிப்பது. தன்னம்பிக்கை வந்தபிறகு வீடியோ போட்டால் போதுமா? மாத்திரை உதவுமா?

கருவேலம்:
நீங்கள் சொன்ன வழக்கத்திலேயே சிக்கல் இருக்கிறது. எழுதிப் படிப்பது, முகத்தை மறைப்பது, வேகமாக முடிப்பது மூன்றுமே பயத்துக்குப் போட்ட வேலி. பேச்சு நன்றாகப் போனாலும் "தாள் இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மனசு எடுத்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை மீட்டிங் போனாலும் நம்பிக்கை சேராது. அது வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், செய்தபிறகுதான் வரும்.

ஒவ்வொரு சூழலுக்கும் 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பெண் போடுங்கள். உதாரணத்துக்கு, சாட்டில் கேள்வி கேட்பது 20, ஒரே ஒருவரோடு வீடியோவில் பேசுவது 35, மீட்டிங்கில் ஒரு வரி சொல்வது 50, தாள் இல்லாமல் 2 நிமிடம் விளக்குவது 65, மேலதிகாரியை மறுத்துப் பேசுவது 85. 35–50க்குள் தொடங்குங்கள். 20லேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் மாறாது. நேரே 85க்குப் போனால் பாதியில் ஓடிவரத்தான் தோன்றும். வாரம் ஒருமுறை போதாது, 3–4 முறையாவது வேண்டும். ஒரு முறைக்கு ஒரு வேலியை மட்டும் விலக்குங்கள்.

போகுமுன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை எழுதுங்கள். "அசிங்கமாகிவிடும்" என்று எழுதினால் சரிபார்க்க வழியில்லை. "குரல் நடுங்கும், இரண்டு பேராவது குறுக்கிடுவார்கள்" என்றால் முடிந்ததும் ஒப்பிடலாம். குரல் நடுங்கியும் யாரும் குறுக்கிடாமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். அந்த வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள், வேலை செய்வது அதுதான்.

தாழை:
இன்னொன்று, கவனம். பேசும்போது "முகம் சிவக்கிறதா, கை நடுங்குகிறதா" என்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் எதிரில் நடப்பது காதில் விழாது. உளவியலாளர்கள் டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் சமூகப் பதற்றத்தை, அதாவது நாலு பேர் முன் வரும் இந்தப் பயத்தை, விளக்கியபோது இதைத்தான் முக்கியமாகச் சொன்னார்கள். யார் என்ன கேட்டார் என்பதில் கவனத்தை வையுங்கள். முடிந்தபின் இரவெல்லாம் அதையே ஓட்டிப் பார்ப்பதும் பயத்துக்குத் தீனி.

4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடும் மூச்சு, மீட்டிங்குக்கு முன் சில நிமிடம் நல்லது. பேசும்போதும் எண்ணிக்கொண்டிருந்தால் அதுவும் இன்னொரு வேலி!

வெண்காந்தள்:
மாத்திரை பற்றி. புரோப்ரனலால் படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும், பயந்த எண்ணத்தைத் தொடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. பதற்றத்தை உடனே அடக்கும் அல்பிரசோலம் பழக்கமாகிவிடும், அதைப் போட்டுக்கொண்டு பழகினால் பழகியதும் மனசில் சரியாகப் பதியாது. தினமும் போடும் எஸ்சிடலோபிராம் போன்ற பதற்ற மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். எதுவானாலும் மனநல மருத்துவரைப் பார்த்துத்தான். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். தூக்கம் கெட்டாலோ வேலைக்கே போகப் பிடிக்காமல் போனாலோ தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

நெய்தல்:
நன்றி. தாளே கூடாதா?

கருவேலம்:
நாலைந்து சொல் குறித்து வைக்கலாம், எல்லோரும் செய்வதுதான். முழு வாக்கியம் வேண்டாம்.