கான்ஃபெடரேஷனுக்கு ஒரு சொல் வேணும், திங்கக்கிழமைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு அமெரிக்கப் புரட்சி பத்தி குறிப்பு எழுதுறேன். 1776ல பிரிட்டன விட்டுப் பிரிஞ்ச 13 காலனியும் 1781ல ஒரு ஒப்பந்தம் மூலமா கான்ஃபெடரேஷன்னு ஒரு தளர்வான கூட்ட நடைமுறைக்குக் கொண்டுவந்தாங்க, அது சரிப்படாம 1787ல பிலடெல்பியால கூடி, எல்லாத்துக்கும் மேல பொதுவா ஒரு அரசு இருக்கிற ஃபெடரல் முறைக்குச் சட்டம் எழுதுனாங்க. நான் ரெண்டுக்குமே கூட்டாட்சின்னும், அந்த 13ஐயும் மாநிலம்னும் எழுதிட்டேன். "கூட்டாட்சிய விட்டுட்டு எதுக்கு டீச்சர் மறுபடி கூட்டாட்சி?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுட்டா.

---

கூட்டமைப்புன்னு போடுங்கம்மா. ஆட்சிங்கிற சொல்லே அங்க ஒட்டாது, வரி போடுற அதிகாரம்கூட காங்கிரஸுக்கு, அதாவது அந்த 13 பேரோட பொது அவைக்கு, கிடையாது. இறக்குமதிக்கு 5 சதவீதம் தீர்வை வச்சு போர்க்கடன அடைக்கலாம்னு பாத்தாங்க, 13 பேரும் ஒத்துக்கணும், 1782ல ரோட் ஐலண்ட் மட்டும் முடியாதுன்னுடுச்சு, அதோட போச்சு.

---

எங்கட பக்கம் கூட்டமைப்பு எண்டா கட்சியள் சேர்ந்ததுதான் ஞாபகம் வரும். ஃபெடரலுக்கு நாங்கள் சமஷ்டி எண்டுறம். வியஷ்டி தனி, சமஷ்டி திரள். அப்ப ஃபெடரலுக்கு சமஷ்டிய வச்சா, கூட்டாட்சி மற்றதுக்கு மிச்சமாகும்தானே.

---

ஐயா, இங்க பத்திரிகை, பாடநூல் எல்லாத்துலயும் கூட்டாட்சின்னா ஃபெடரல்தான், பசங்க குழம்பிடுவாங்க. என் வாக்கு சங்காத்தத்துக்கு. 1781 கான்ஃபெடரேஷன் ஒப்பந்தத்தோட 3வது பிரிவே இத நட்புறவுக் கூட்டுன்னுதான் சொல்லுது, நம்ம ஊர்லயும் "அவன் சங்காத்தமே வேணாம்"னா நட்பே வேணாம்னு அர்த்தம். கலிங்க மன்னன் காரவேலனோட ஹாதிகும்பா கல்வெட்டுல தமிழ் அரசுகள் கூட்ட 'சங்காத'ன்னு வாசிச்சிருக்காங்க. ரெண்டாயிரம் வருசத்துச் சொல் கையில இருக்கு, எடுத்துக்க மாட்டேங்கிறோம்.

---

அது வடமொழி சங்காதம்ங்க. ஒரு வட சொல்ல எடுக்கத்தான் இத்தனை மடலா? கூட்டரசு எவ்வளவு நல்லா இருக்கு.

---

மலேசியால ஃபெடரலுக்குத்தான் கூட்டரசுன்னு சொல்றோம், கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம். அதைத் தொடாதீங்க.

---

எல்லாரும் முக்கியமானத விட்டுட்டீங்க. 1781ல அந்த 13ஐயும் மாநிலம்னு எழுதுறதே தப்பு. ஒப்பந்தத்தோட 2வது பிரிவுல ஒவ்வொண்ணும் தன் இறையாண்மைய வச்சுக்கும்னு இருக்கு, அப்போ அது 13 நாடு. மாநிலம்னு போட்டா மேல ஒரு அரசு ஏற்கெனவே இருந்த மாதிரி ஆயிடும், பிலடெல்பியால எதுக்கு நாலு மாசம் சண்டை போட்டாங்கன்னு அந்தப் பொண்ணுக்குப் புரியவே புரியாது.

---

நன்றி. கூட்டமைப்புன்னே போட்டுட்டேன், நாலு பேர் அதத்தான் தனிமடல்ல சொன்னீங்க. மாநிலத்த இன்னும் மாத்தல, நாடுன்னு எழுதுனா தேர்வுல மார்க் போயிடுமோன்னு பயமா இருக்கு.

---

சங்காத்தத்த அடைப்புக்குறிக்குள்ளயாவது போடுங்கம்மா.