நிக்கோடிமஸ் எங்கே? கான்சஸ் புல்வெளியில் ஓர் ஊரைத் தேடிப் போன அனுபவம்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதம், டென்வரிலிருந்து கிழக்கே காரில் வந்துகொண்டிருந்தோம். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் குடியேறிய நிக்கோடிமஸ் என்ற ஊரை இந்த முறை பார்க்காமல் போவதில்லை என்று முடிவு செய்து, 70ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினோம். ஹில் சிட்டி தாண்டி 24ஆம் எண் சாலையில் கொஞ்ச தூரம். இருபுறமும் கோதுமை அறுத்த தாள், அப்புறம் சோளக்கொல்லை. ஜிபிஎஸ் வந்துவிட்டதாகச் சொன்ன இடத்தில் சில வீடுகள், பழைய தேவாலயங்கள், சுண்ணாம்புக் கல்லில் கட்டிய ஒரு கூடம். அவ்வளவுதான். "ஊர் எங்கேங்க?" என்றாள் என் மனைவி.

அந்தக் கல் கட்டடம் 1939இல் கட்டிய டவுன்ஷிப் கூடம், அதாவது நம் ஊராட்சி மன்றம் மாதிரி. அப்போது தேசியப் பூங்காத் துறையின் பார்வையாளர் மையம் அதில்தான் இருந்தது. உள்ளே போய்ப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1878இல் கென்டக்கியிலிருந்து வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணியும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். எல்லிஸ் என்ற ஊர் வரை ரயில். அங்கே குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டு சில குழந்தைகள் இறந்தும் போயின. பிறகு பாதையே இல்லாத புல்வெளியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வண்டிப் பயணம். ஆண்கள் "அதோ நிக்கோடிமஸ்!" என்று கத்தியபோது இவர் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. கணவர் கைகாட்டிய பக்கம் தரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. ஜனங்கள் நிலத்தைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். பார்த்ததும் அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்த ஊர் 1877இல் உருவானது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தெற்கில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்குச் சொந்த நிலமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரியும் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகரும் இன்னும் சிலரும் சேர்ந்து ஊரை உருவாக்க ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஐந்து டாலர் கொடுத்தால் செப்டம்பர் 5 அன்று கான்சஸ் போகலாம் என்று கென்டக்கியின் லெக்சிங்டனில் துண்டறிக்கை வந்தது. 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் உழைத்தவர்களுக்கு அந்த எண் எப்படிக் கேட்டிருக்கும்!

வந்து பார்த்தால் மரம் இல்லை, வீடு இல்லை, கலப்பை இழுக்க மாடு இல்லை. எரிக்கக் காட்டெருமையின் காய்ந்த சாணமும் சூரியகாந்தித் தண்டும். சிலர் உடனே திரும்பிவிட்டார்கள். மற்றவர்கள் மண்வெட்டியாலும் களைக்கொட்டாலும் அந்தக் கெட்டி மண்ணைக் கொத்தினார்கள். எம்மா வில்லியம்ஸ் என்ற பெண் நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து, அந்த ஆண்டே மண் பொந்துக்குள் பிள்ளை பெற்றார். ஊரில் பிறந்த முதல் குழந்தை அதுதான். முதல் குளிர்காலத்தில், வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவைப் பகிர்ந்து கொடுத்துப் போனார்கள் என்று ஊரார் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்களும் தம் மண்ணிலிருந்து விரட்டப்பட்டவர்கள் என்பதை நினைத்தபோது, அதற்கு மேல் படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

1880களில் ஊர் நன்றாகவே வளர்ந்தது. கடைகள், ஹோட்டல், பள்ளி, இரண்டு செய்தித்தாள்கள் எல்லாம் வந்தன. ரயிலை வரவழைக்க டவுன்ஷிப் மக்கள் 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்களித்தார்கள். ஆனாலும் 1888இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது. வியாபாரிகள் கடைகளைக் கட்டடத்தோடு பெயர்த்துக்கொண்டு பக்கத்தில் முளைத்த போக் என்ற ஊருக்குப் போனார்கள். என் மனைவி கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

உங்களில் யாராவது போயிருக்கிறீர்களா?

பதில்: மான்ஹாட்டன், கான்சஸ்

நான் இங்கே வேளாண்மை படித்தவன். ஜூலை கடைசி வார இறுதியில் அங்கே நடக்கும் ஹோம்கமிங்குக்கு, அதாவது வெளியூர் போனவர்கள் ஊர் திரும்பிக் கூடும் விழாவுக்கு, ஒரு முறை போயிருக்கிறேன். நீங்கள் பார்த்த வெறிச்சோடிய தெருவை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்! பல மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். ஊர்வலம், சமையல் புகை, தேவாலயத்தில் பாட்டு. கரீபியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமை முறை ஒழிந்ததைக் கொண்டாடத் தொடங்கிய விழாவாம் அது.

ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கொள்ளுத்தாத்தா எடுத்த கால் செக்‌ஷன் நிலத்தை, அதாவது அந்த 160 ஏக்கரை, இன்னும் விற்கவில்லை என்றார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்து, "இதை வைத்து என்ன பயிர் செய்வாய், சொல்லு தம்பி" என்கிற மாதிரி கேட்டார். அந்தப் பகுதி விவசாயிகள் எத்தியோப்பியாவின் டெஃப் தானியத்தைப் பயிரிட்டுப் பார்த்த கதையையும் சொன்னார். நம் கேழ்வரகைவிடப் பொடியான தானியம் அது. வகுப்பில் கற்ற மண்ணியல் எல்லாம் அவர் முன்னால் எனக்கு நாக்கில் வரவில்லை. மண்ணை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

முதலில் எழுதியவர்

தம்பி, படித்ததும் மனது நிறைந்துவிட்டது. இந்த ஜூலை கடைசியில் நாங்களும் வருகிறோம், இந்த முறை பிள்ளைகளோடு. வேறு யாராவது கிளம்பினால் ஹில் சிட்டியிலேயே பெட்ரோலும் தண்ணீரும் வாங்கிக்கொள்ளுங்கள். ஹில் சிட்டிக்கும் அந்த நில வியாபாரி ஹில்லின் பெயர்தான். அங்கிருந்து கிழக்கே போகும்போது வேகத்தைக் குறைத்து, அந்தக் கல் கூடத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.