“15 நிரம்பினா நம்மாளுக்கு வீடே கிடையாது”ன்னு கெளப்பிவிட்டது யாரு?

யீஷூன்_அக்கா | இரவு 9.12
சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகள்ல ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு உச்ச வரம்பு இருக்குல்ல, அதைப் பத்திக் காலையிலேருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி சுத்துது: “புளோக்ல இந்தியர் 15 விழுக்காடு ஆயிட்டா இந்தியர் அங்க வீடு வாங்கவே முடியாது, பாக்கப் போறதே வீண்.” அதுக்கு நாலு பேரு கும்பிடு போட்டு நன்றி வேற. விக்கிறவரு இந்தியரா இருந்தா நிரம்பின புளோக்லயும் இந்தியர் வாங்கலாம். ஒரு குடும்பம் போகுது, ஒண்ணு வருது, கணக்கு அப்படியேதான் இருக்கு. சீனரோ மலாய்க்காரரோ விக்கிற வீடுதான் அப்போ நமக்குக் கிடைக்காது. இதை எழுதி விட்ட புண்ணியவான் இங்கயும் இருக்காரு. பேரு சொல்லல.

கோப்பி_ஓ_கோசோங் | இரவு 9.20
தாராளமா சொல்லுங்கக்கா, நான்தான். 120 வீடு உள்ள புளோக்ல 15 விழுக்காடுன்னா 18 வீடு. அந்த 18ல ஒண்ணு விலைக்கு வரணும், நமக்குக் கட்டுப்படியாகணும், கிழக்கு மேற்கு பாக்கணும், மாமியாருக்குப் பிடிக்கணும். அதுக்குப் பேரு “முடியாது” இல்லாம என்ன லா? 15 விழுக்காடு. நான் எழுதினது சரி.

மசேநிதி_மாமா | இரவு 9.23
15 இல்லை. 12.

கோப்பி_ஓ_கோசோங் | இரவு 9.24
15.

மசேநிதி_மாமா | இரவு 9.41
தம்பி, அரைகுறையாப் படிச்சுட்டு ஊருக்கு அனுப்பக் கூடாது. இந்த வரம்பை வச்ச இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது 1989 மார்ச் 1. அன்னைக்கு நம்ம வரம்பு 10உம் 13உம். 2010 மார்ச் 5லதான் 12உம் 15உம் ஆச்சு. சீனருக்கு 84உம் 87உம், மலாய்க்காரருக்கு 22உம் 25உம்; அதுல மாத்தமில்ல. முதல் எண் அக்கம்பக்கத்துக்கு (பல புளோக் சேந்த பகுதி), ரெண்டாவது புளோக்குக்கு. ரெண்டுல எது நிரம்பினாலும் கதவு சாத்தியாச்சு. உங்க புளோக்ல நாலே நாலு இந்தியக் குடும்பம் இருக்கலாம். அக்கம்பக்கம் 12ஐத் தொட்டுட்டா அந்த நாலு பேரைத் தவிர வேற யாரும் உங்களுக்கு விக்க முடியாது. அப்போ எது முக்கியம்? 12.

இன்னொண்ணு. அந்த 12 முழுசும் நமக்கில்ல. “இந்தியர் மற்றும் பிற இனத்தவர்”னுதான் பிரிவு. யூரேசியர், பிலிப்பினோ எல்லாரும் அதே பானையிலதான்.

கோப்பி_ஓ_கோசோங் | இரவு 9.45
என் செய்தியில “புளோக்ல”ன்னு இருக்கு. புளோக்குக்கு 15ன்னு நீங்களே இப்போ எழுதிட்டீங்க. நன்றி, வணக்கம்.

மசேநிதி_மாமா | இரவு 9.47
“15 ஆகலன்னா கிடைக்கும்”னு படிக்கிறவன் நினைப்பானா இல்லையா? நினைப்பான். அவனைத் தடுக்கப் போறது 12.

நல்லதமிழ்_நாடி | இரவு 9.52
எண்ணை விடுங்கள். “புளோக்” என்ன தமிழ்? “கட்டடம்” என்று எழுதினால் கை வலிக்குமா? போன வாரம் ஒருவர் “எச்டிபி” என்று எழுதியிருந்தார். “வீவக” என்று அழகான சுருக்கம் இருக்கிறது.

கோப்பி_ஓ_கோசோங் | இரவு 9.54
டாக்சி அண்ணன்கிட்ட “கட்டடம் 712”னு சொல்லிப் பாருங்க சார்.

யீஷூன்_அக்கா | இரவு 10.01
நான் கேட்டது 12ஆ 15ஆன்னு இல்ல. விக்கிறவரு இந்தியரா இருந்தா வாங்கலாமா, கூடாதா? “வாங்கவே முடியாது”ங்கிற அந்த “வே”தான் பொய். அதை எப்போ திருத்துவீங்க?

மசேநிதி_மாமா | இரவு 10.20
அக்கா சொல்றது சரிதான், அதை யாரும் மறுக்கல. ஆனா எண் தப்பா இருந்தா எல்லாமே தப்பு.

அக்கம்பக்கம்னா என்னன்னு கேக்காமலே தம்பி ஆடுறாரு. அவர் எழுதின 712ஐயே எடுத்துக்குவோம். பல நகர்ல புளோக் எண்ணோட முதல் இலக்கம்தான் அக்கம்பக்கத்தோட எண். யீஷூன்ல 7ல ஆரம்பிச்சா 7ஆம் அக்கம்பக்கம். எதிர்ப் பக்கம் சாலையைத் தாண்டினா வேற எண், வேற கணக்கு. ஒரு பக்கம் கிடைக்காதது மறுபக்கம் கிடைக்கும். வீவக இணையச் சேவையில புளோக் எண்ணும் தெருவும் கொடுத்தா, வாங்குறவர் இனம், விக்கிறவர் இனம் வச்சு முடியுமா முடியாதான்னு காட்டிடும். விழுக்காடு காட்டாது. அதனால “எங்க புளோக்ல 14.8 ஆயிடுச்சு”ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கணக்கு ஒவ்வொரு மாசமும் 1ஆம் தேதி மாறும். நம்ம ஆளுங்க தடுக்கி விழுற இடம் இதுதான். 24ஆம் தேதி பாத்தா “முடியும்”. சந்தோஷமா, வீட்டை நமக்குன்னு பிடிச்சு வைக்கிற ஆப்ஷனுக்கு 1,000 வெள்ளி கொடுத்துடுவாங்க. அடுத்த மாசம் 8ஆம் தேதி மறுவிற்பனை விண்ணப்பம் போடுவாங்க. நடுவுல 1ஆம் தேதி வந்து போனது நினைவுல இருக்காது. ஆப்ஷன் காலம் 21 நாள், கடைசி நாள் மாலை 4 மணியோட முடியும். மாசக் கடைசியில ஆப்ஷன் எடுக்கிறவங்க 1ஆம் தேதி காலையில திரும்பப் பாத்துட்டுத்தான் உறுதிப்படுத்தணும். உறுதிப்படுத்தினா ஆப்ஷன் பணமும் உறுதிப்படுத்துற பணமும் சேந்து 5,000 வரைக்கும் போயிருக்கும்.

பொங்கோல்_நிரந்தரவாசி | இரவு 10.26
நிரந்தரவாசிகளுக்கும் இதே கணக்குதானா? கணவன் மனைவி ரெண்டு பேருமே நிரந்தரவாசின்னா?

மசேநிதி_மாமா | இரவு 10.38
உங்களுக்கு ரெண்டு வேலி. முதல் வேலி 12/15. ரெண்டாவது நிரந்தரவாசி ஒதுக்கீடு: அக்கம்பக்கத்துக்கு 5, புளோக்குக்கு 8. மலேசியருக்கு அந்த ரெண்டாவது வேலி கிடையாது. குடும்பத்துல ஒருத்தர் குடிமகனா இருந்தாலும் அது வராது. ரெண்டு பேருமே நிரந்தரவாசின்னா அந்தத் தகுதி கிடைச்சு 3 வருஷம் ஆகியிருக்கணும், அப்பத்தான் மறுவிற்பனை வீடே வாங்கலாம். முதல்ல ஹெச்எஃப்இ கடிதம் வாங்குங்க, வீடு வாங்கவும் கடன் வாங்கவும் உங்களுக்குத் தகுதி இருக்கான்னு வீவக சொல்ற கடிதம். அது கையில இல்லாம யாரும் ஆப்ஷன் கொடுக்க முடியாது. விக்கிறவரும் விக்கிற எண்ணத்தைப் பதிஞ்சு 7 நாள் கழிச்சுத்தான் கொடுக்கலாம். “நாளைக்கே கையெழுத்து”ன்னு அவசரப்படுத்துற முகவர்கிட்ட பதிஞ்ச தேதியைக் கேளுங்க.

கோப்பி_ஓ_கோசோங் | இரவு 10.40
அங்கயும் புளோக்குக்குத்தான் பெரிய எண். 8. இங்க 15. மக்கள் எந்த எண்ணை ஞாபகம் வச்சுக்குவாங்க?

மசேநிதி_மாமா | இரவு 10.41
பெரிய எண்ணா ஞாபகம் வச்சுக்க இது என்ன 4டி லாட்டரியா?

தோ_பாயோ_தம்பி | இரவு 10.47
என் ஆளு சீனம். எங்களுக்கு எந்தக் கணக்கு?

மசேநிதி_மாமா | இரவு 10.55
ரெண்டுல ஒண்ணை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆனா வாங்கும்போது எந்த இனத்துல வாங்கினீங்களோ விக்கும்போதும் அதேதான். இன்னைக்கு எந்தக் கதவு திறக்குதுன்னு மட்டும் பாக்காதீங்க. சீனர் ஒதுக்கீடு நிரம்பின புளோக்ல இந்தியரா வாங்கிட்டா, பத்து வருஷம் கழிச்சும் அது நிரம்பியே இருந்தா சீனருக்கு விக்க முடியாது. நாட்டுல வாங்குறவங்கள்ல பெரும்பாலோர் யாரு? அதனாலதான் விலையைக் குறைச்சு விக்க வேண்டிய நிலைமை. 2022 மார்ச்லேருந்து, ரொம்ப நாளா விக்க முடியாதவங்ககிட்டேருந்து கழகமே திரும்ப வாங்கிக்கிற வழி ஒண்ணு இருக்கு. அது கடைசிப் படி, முதல் படி இல்ல.

செங்காங்_கணக்கர் | இரவு 11.02
ஒதுக்கீடெல்லாம் ரெண்டாவது. வீடு கை நழுவுறது ரொக்கத்துலதான். 640,000 வெள்ளிக்கு ஒத்துக்கிட்டு, மதிப்பீடு 615,000ன்னு வந்தா, இடையில 25,000 ரொக்கம். கடனும் மசேநிதியும் (மத்திய சேமநிதி, சம்பளத்துல பிடிக்கிற சேமிப்பு) அதைத் தொடாது. வீவக கடன் 75 விழுக்காடு, அதுவும் 615,000க்குத்தான், அதாவது 461,250. மிச்சம் 153,750 மசேநிதியிலோ கையிலோ இருக்கணும். முத்திரை வரி 640,000க்குக் கணக்கு, 13,800. இதைப் பேசாம 12, 15ன்னு.

மசேநிதி_மாமா | இரவு 11.06
மதிப்பீட்டுக்குப் பிறகு 25,000ஐக் குறைச்சுப் பேசலாமே?

செங்காங்_கணக்கர் | இரவு 11.10
எப்படி? 2014 மார்ச் 10க்கு அப்புறம் விலையை ஒத்துக்கிட்டு ஆப்ஷன் எடுத்த பிறகுதான் மதிப்பீடு. அடுத்த வேலை நாளுக்குள்ள 120 வெள்ளி கட்டி விண்ணப்பிக்கணும். விக்கிறவரு ஏன் குறைக்கப் போறாரு? நீங்க விட்டுட்டுப் போனா 1,000 அவருக்கு. நீங்க சொல்றது பழைய காலம், மதிப்பீட்டைக் கையில வச்சுக்கிட்டு மேல எவ்வளவுன்னு பேரம் பேசின காலம்.

மசேநிதி_மாமா | இரவு 11.12
“பேசலாம்”னுதான் எழுதினேன். “குறைப்பாங்க”ன்னு எழுதல. தமிழ் படிக்கத் தெரியணும்.

செங்காங்_கணக்கர் | இரவு 11.13
ஞாபகம் வருது. வீவக கடன் வட்டி 2.5ன்னு ரெண்டு நாள் சண்டை போட்டது நீங்கதானே? 2.6 மாமா. மசேநிதி சாதாரணக் கணக்கோட 2.5க்கு மேல 0.1. பேரிலயே மசேநிதி வச்சிருக்கீங்க.

மசேநிதி_மாமா | இரவு 11.15
அந்த இழையை இங்க இழுக்க வேண்டாம். இங்க பேச்சு 12.

நல்லதமிழ்_நாடி | இரவு 11.19
“ஆப்ஷன்”, “ரொக்கம்”, “பேரம்”... வாங்கும் உரிமை என்று ஒரு முறையாவது எழுதுங்கள்.

தோ_பாயோ_தம்பி | இரவு 11.21
ரொக்கம் தமிழ்தானே சார்?

நல்லதமிழ்_நாடி | இரவு 11.30
அது குறித்துத் தனி இழை தொடங்குகிறேன்.

யீஷூன்_அக்கா | காலை 7.05
ராத்திரி முழுக்க இவ்வளவு எழுதியிருக்கீங்க. கோப்பி தம்பி, செய்தியைத் திருத்தினீங்களா?

கோப்பி_ஓ_கோசோங் | காலை 7.31
திருத்தி அனுப்பிட்டேன் அக்கா. மாமா தொல்லை தாங்கல.

யீஷூன்_அக்கா | காலை 7.40
இப்பத்தான் எனக்கு வந்துச்சு. “அக்கம்பக்கத்துல இந்தியர் 12 விழுக்காடு ஆயிட்டா இந்தியர் அங்க வீடு வாங்கவே முடியாது.” வாங்கவே. அந்த “வே” அப்படியே இருக்கு!

மசேநிதி_மாமா | காலை 7.44
எண் இப்போ சரியா இருக்கு.

கோப்பி_ஓ_கோசோங் | காலை 7.45
புளோக்குக்கு 15.