கடல் இருக்கிற ஊருக்கு வண்டிப்புகை ஒரு பொருட்டா?

நெல்லித்தோப்பான்:
அப்பாவுக்கு 68 வயசு. தினம் காலையில ஆறு மணிக்கு மறைமலை அடிகள் சாலையோரமா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடை, அங்க ஒரு டீ, திரும்ப வீடு. போன மாசம் மூச்சிரைப்பு வந்தது. டாக்டர், “நடக்கிறதை விடாதீங்க, அந்த ரோட்டை விட்டுடுங்க”ன்னார். அப்பா கேக்கல. “டெல்லிக்காரன் பயப்படட்டும், கடலை வெச்சிக்கிட்டு நமக்கென்ன”ங்கிறார். வண்டிப்புகையில வர்ற நுண்துகள் பாண்டியிலயும் ஆளைச் சாய்க்கும்ங்கிறது என் கட்சி. எதிர்க்கட்சி வரலாம்.

முத்தியால்பேட்டை_76:
நான் அப்பா கட்சி. கடல்காத்து அடிச்சா எந்தப் புகை நிக்கும்? மெஷின் காட்டுற தூசியில கடல் உப்பும் ஒரு பங்கு, அதையும் மாசுக் கணக்குல சேத்துடுறாங்க. குப்பை எரிக்கிறது, கொசுவத்தி, பீடி இதையெல்லாம் விட்டுட்டு வண்டியைப் பிடிச்சிக்கிட்டீங்க. 2020 ஏப்ரல்ல இருந்து விக்கிற வண்டியெல்லாம் பிஎஸ்-6, அதாவது புகைக்குக் கடுமையான அளவு வெச்ச விதிப்படி செஞ்சது. சைலன்சர்ல வெள்ளைத்துணி வெச்சாலும் கறை படியாது.

மருந்துக்கடை_அக்கா:
தம்பி, உப்பு விஷயம் சரி, ஒத்துக்கிறேன். ஆனா அது பெரும்பாலும் பெரிய துகள், மூக்கு தொண்டையிலேயே நின்னுடும். டீசல் கரி அப்படியில்ல. நுண்துகள்னு சொல்றது 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும். 2.5 மைக்ரான்னா தலைமுடி தடிமன்ல சுமார் முப்பதுல ஒரு பங்கு. நுரையீரலோட கடைசி காத்துப்பை வரைக்கும் இறங்கும், அதுலயும் பொடிசு ரத்தத்துலயே கலந்துடும். இருமலோட நிக்காம மாரடைப்பு, பக்கவாதம்னு போறது அதனாலதான். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012லேயே டீசல் புகையை முதல் பிரிவுல, அதாவது மனுஷனுக்குப் புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியானதுல சேத்தாச்சு. புகையிலையும் அதே பிரிவுதான்.

துணியில கறை இல்லைன்னா துகள் இல்லைன்னு ஆகாது, கண்ணுக்குத் தெரியாததுதான் மோசம். அப்புறம் பிரேக் தேயுது, டயர் தேயுது, ரோட்டு மண்ணு கிளம்புது. இதெல்லாம் சைலன்சர் வழியா வர்றதில்ல, பிஎஸ்-6 என்ன பண்ணும்? பேட்டரி வண்டிக்கும் டயர் உண்டு.

முத்தியால்பேட்டை_76:
அக்கா, இந்த நுண்துகள் ஒரு கனமீட்டர் காத்துல வருஷ சராசரி 40 மைக்ரோகிராம் வரைக்கும் போகலாம்னு நம்ம அரசாங்கமே சொல்லுதே?

நெல்லித்தோப்பான்:
அதே அளவை உலக சுகாதார நிறுவனம் 2021ல 10ல இருந்து 5க்கு இறக்கிடுச்சு. எட்டு மடங்கு வித்தியாசம். நம்ம நுரையீரல் என்ன தனி ஆர்டர்ல செஞ்சதா?

லண்டன்ல எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரான்னு ஒன்பது வயசுப் பொண்ணு. வீட்டுக்குப் பக்கத்துலயே பெரிய ரோடு. 2013ல ஆஸ்துமாவுல போயிட்டா. 2020 டிசம்பர்ல மரண விசாரணையில, காத்து மாசும் சாவுக்குக் காரணம்னு பதிவு பண்ணாங்க. அம்மா விடாம போராடினதுக்கு அப்புறம்தான்.

டெம்போக்காரன்:
நீங்கள்லாம் ரோட்டை ஒரு மணி நேரம் பாக்கிறவங்க. நான் பன்னெண்டு மணி நேரம். இந்திரா காந்தி சிலை சிக்னல்ல பஸ்ஸுக்குப் பின்னாடி நின்னு பாருங்க, தெரியும். கர்சீப் கட்டிப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. என்-95 போட்டா, இவனுக்கு என்ன வியாதியோன்னு சவாரி ஏற மாட்டேங்குது. ஆனா ஒண்ணு சார், வண்டியைக் குறைக்கணும்னு பேச ஆரம்பிச்சா முதல்ல என் டெம்போவைத்தான் கை காட்டுவாங்க. சனி ஞாயிறு ஆனா வெளியூர்க் கார் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு பேரா வந்து ரொம்புதே, அதைக் கேக்க நாதியில்ல. ஒரு இன்ஜின்ல பத்து பேரை ஏத்துறவன் குத்தவாளியா?

முத்தியால்பேட்டை_76:
அண்ணே சொன்னது நியாயம். கடைசியில ஏழை பொழப்புலதான் வந்து விடியும். பெரியவரைப் பேசாம காலையில பீச்சுக்கு வரச் சொல்லுங்க, கடல்காத்து வாங்கட்டும்.

வைத்திக்குப்பத்தான்:
இவ்ளோ நேரம் சும்மா படிச்சிக்கிட்டு இருந்தேன், இது தாங்கல. கரையில பொறந்தவன் சொல்றேன். சித்திரை, வைகாசி, ஆனியில விடியக்காலம் காத்து கடல்ல இருந்து வராது. மேலக்காத்து, ஊர்ல இருந்து கடலுக்குப் போகும். கடல்காத்து ஏற மதியம் ஆயிடும். ராத்திரி தரை குளிர்ந்து போறதால புகையும் மேல எழும்பாம தாழவே கிடக்கும். ஆறு மணிக்கு பீச்ல உக்காந்து நீங்க இழுக்கிறது ஊரு தள்ளிவிடுற காத்து. ரோட்டோரத்துக்கு அது எவ்வளவோ மேல், அதை மறுக்கல.

மருந்துக்கடை_அக்கா:
அவ்ளோ தூரம் எதுக்கு? பெரிய ரோட்டை விட்டு இருநூறு முன்னூறு மீட்டர் உள்ள போனாலே வண்டித்துகள் நல்லாக் குறையும். உள் தெருவுல நடக்கச் சொல்லு தம்பி.

நெல்லித்தோப்பான்:
சொன்னேன்க்கா. உள் தெருவுல நாய் துரத்துதாம். டீக்கடையும் இல்லையாம். நிஜக் காரணம் ரெண்டாவதுதான்னு நினைக்கிறேன்.

முத்தியால்பேட்டை_76:
சரி, வெயில் ஏறி காத்து அசைஞ்சப்புறம் எட்டு மணிக்கு பீச்சுக்குக் கூட்டிட்டு வாங்க. அதுலயும் குத்தம் சொல்வீங்களா?

டெம்போக்காரன்:
ஏழரைக்கே பீச் ரோட்டுல வண்டியை விட்டுடுறாங்களே சார்.