பெரணித் தொட்டிக்குச் செம்மண்ணா, தென்னை நார்த்தூளா?

லாசுப்பேட்டை வாசகி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் வடக்குத் தாழ்வாரத்தில், வெயில் நேராக விழாத இடத்தில், பாஸ்டன் பெரணி ஒன்றை வளர்த்து வருகிறேன். நர்சரியில் கறுப்புப் பையில் வாங்கி வந்த அந்தச் செடியை, கட்டியாக விற்கும் தென்னை நார்த்தூளை ஊறவைத்து நிரப்பிய பத்து அங்குலத் தொட்டிக்கு மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இலை நுனிகள் கருகுகின்றன. புதுச் சுருள் (விரியாத இளம் இலை) ஒன்றுகூட எழவில்லை. நார்த்தூளைக் கொட்டிவிட்டுச் செம்மண் கலவைக்கு மாறலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மஞ்சக்குப்பம் பெரியவர்:
தயங்காமல் மாற்றுங்கள், அம்மா. கடலூரில் இருபது ஆண்டுகளாகப் பெரணி வளர்க்கிறேன். செம்மண் இரண்டு பங்கு, நன்கு மட்கிய மாட்டெரு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு என்ற கலவை என்னை இதுவரை கைவிட்டதில்லை. நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் சாம்பல் சத்தைத் தவிரச் சொல்லும்படியான சத்து எதுவும் இல்லை. மட்காத நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைத் தொட்டியிலிருந்தே எடுத்துக்கொள்வதால், செடிக்குக் கிடைக்க வேண்டியதும் குறைந்துவிடுகிறது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நார்க்கழிவை யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் இட்டு மட்கவைக்கும் முறையைச் சொல்லித் தருவது இதனால்தான்.

காலாப்பட்டு மாடித்தோட்டம்:
பெரியவர் சொன்ன சத்துக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரணித் தொட்டியில் பாதி அளவுக்குச் செம்மண்ணை இடுவதை என்னால் ஏற்க முடியாது. எங்கள் பகுதியே செம்மண் மேடு. மழை ஓய்ந்து வெயில் அடித்தால் அந்த மண் எப்படி இறுகிப்போகிறது என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெரணியின் வேர் மண்ணைத் துளைத்துக்கொண்டு ஆழமாகப் போவதன்று; அது மயிரிழை போல மெல்லியது, மேல்மட்டத்திலேயே பரவுவது, ஈரத்தோடு காற்றும் வேண்டுவது. தினமும் தண்ணீர் ஊற்றும்போது செம்மண்ணின் நுண்துகள்கள் இறங்கி இடைவெளிகளை அடைத்துக்கொள்கின்றன. அதன்மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். பழைய கிணற்றுச் சுவரில் செங்கல் இடுக்கில் பெரணி முளைத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே எங்கே இருக்கிறது செம்மண்?

நான் நார்த்தூளுக்குச் சரிபாதி இலைமட்கு சேர்த்து, மண்புழு உரமும் உமிக்கரியும் ஆளுக்கொரு கை அள்ளிப் போடுகிறேன். நார்த்தூளில் உள்ள உப்புப் போக அதை மூன்று முறையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். முதல் முறை வடியும் நீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். அது தேநீர் நிறத்துக்கு வெளுக்கும்வரை நான் விடுவதில்லை.

மஞ்சக்குப்பம் பெரியவர்:
கிணற்றுச் சுவரை எடுத்துக்காட்டியது உங்கள் வாதத்துக்கே எதிராக நிற்கிறது. அந்தச் சுவரைக் கட்டியது சுண்ணாம்புக் காரையால். அதில் முளைப்பவை சுண்ணாம்பை விரும்பும் வேறு வகைகள். பாஸ்டன் பெரணி சற்றே புளிப்பான மண்ணைக் கேட்பது. அமில காரநிலை 5.5 முதல் 6.5 வரை இருப்பது அதற்கு நல்லது. அலசுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெறும் தண்ணீரில் போவது தளர்ந்து நிற்கும் உப்பு மட்டுமே. நாரோடு ஒட்டிய சோடியம் அவ்வளவு எளிதில் விடாது. அதை வெளியேற்றக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு மீண்டும் அலச வேண்டும். வீட்டில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரே உவர்ப்பாக இருக்கும் இடங்களில், உப்புள்ள நாரை உப்புத் தண்ணீரில் அலசி என்ன பயன்?

காலாப்பட்டு மாடித்தோட்டம்:
கிணற்றுச் செடி வேறு வகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த எடுத்துக்காட்டை விட்டுவிடுகிறேன். தண்ணீரைப் பற்றிச் சொன்னதும் முழுக்கச் சரியே. ஆனால் உவர்நீர் ஊற்றினால் செம்மண் மட்டும் தப்பிவிடுமா, ஐயா? சோடியம் ஏறிய களி மேலும் இறுகும். சகோதரி, இருவர் பேச்சையும் ஒருபுறம் வைத்துவிட்டு, செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பார்த்துச் சொல்லுங்கள். அடியில் கல் பரப்பியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கல்லுக்கு மேலுள்ள கலவையில்தான் நீர் தேங்கி நிற்கும், கல் அதை வடியவிடாது.

லாசுப்பேட்டை வாசகி:
இன்று காலை உருவிப் பார்த்தேன். வெளிப்புற நார்த்தூள் சேறு போல நனைந்து புளித்த வாடை அடித்தது. அதில் இறங்கியிருந்த சில வேர்கள் கறுத்து, விரலால் இழுத்ததும் தோல் உரிந்து நூலாகிவிட்டன. நடுவில் நர்சரிப் பையின் செம்மண் உருண்டை அப்படியே இருந்தது. கத்தி முனையால் கீறிப் பார்த்தேன். செங்கல் போலக் காய்ந்து புழுதி உதிர்ந்தது. இத்தனை நாள் நான் ஊற்றிய தண்ணீர் அந்த உருண்டையைச் சுற்றிக்கொண்டே இறங்கியிருக்கிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பும் பூத்திருந்தது. நார்த்தூளை நான் ஒரு முறைகூட அலசவில்லை. ஊற்றியதும் ஆழ்துளைக் கிணற்று நீரே.

காலாப்பட்டு மாடித்தோட்டம்:
அந்த உருண்டையை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். ஊறியதும் விரல்களால் மெல்லப் பிசைந்து பாதி மண்ணையாவது கழுவி எடுத்துவிட்டு, கறுத்த வேரை மட்டும் நறுக்குங்கள்.

மஞ்சக்குப்பம் பெரியவர்:
உருண்டையைக் கரைக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நர்சரிச் செம்மண் என்பது பெரும்பாலும் பை நிற்பதற்காக அடைத்த களி; எருவும் மணலும் கலந்து இளக்கிய செம்மண் அப்படி இறுகாது என்றே இன்னமும் சொல்வேன். கலவை எதுவானாலும் இலைமட்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். குடிநீர்க் குழாயில் பிடித்த தண்ணீரையே ஊற்றுங்கள். மழை தொடங்கியதும் மாடித் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். புதுச் சுருள் எழும்வரை உரம் எதுவும் இட வேண்டாம், அம்மா. அறுபட்ட வேரை அது சுட்டுவிடும்.